படிவம் அப்புறம், முதலில் காசு

கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் வட்டாரத்தில் இணையச் சந்தை தொடங்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் பெஸ்தாரி ஜெயாவில், கோவில் மண்டபத்தில் உங்களில் ஒரு குழு நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசை, சுவரோரம், மின்விசிறிக் காற்று எட்டாத இடம். அறுபது நாற்காலி போட்டிருந்தீர்கள். முறுக்கு சுடுகிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் என்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் சும்மா துணைக்கு வந்தவர்கள். திரையில் படம் படமாகக் காட்டினீர்கள். பதிவு இலவசம், கமிஷன் கிடையாது, மலேசியா முழுக்க வாடிக்கையாளர் என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், மீகூன் சாப்பிட்டார்கள், படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிரப்பிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் என் மனைவி, அவரையும் நான்தான் முழங்கையால் இடித்தேன்.

நாற்காலி அடுக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: “அங்கிள், ஒரு காசு கேக்கல. எல்லாம் ஃப்ரீ. அப்புறம் ஏன் வர மாட்டேங்கிறாங்க?”

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இதே வேலையை ஈஜோக் பக்கமும் பத்தாங்காலி பக்கமும் வேறு பிள்ளைகளும் செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் கிராணி. செக்ரோல், பால் நிறுவை, சம்பளக் கணக்கு எல்லாம் என் கையில் ஓடியவை. இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில்தான் அன்று நானும் உட்கார்ந்திருந்தேன், கையில் பேனா, எதிரே வரிசை. அந்த வரிசையில் நின்றவர்களின் மகள்களும் மருமகள்களும்தான் உங்கள் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு போனவர்கள்.

அவர்களுக்குப் படிவம் புதிதில்லை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த நேரத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. ஆனாலும் கொடுத்தார்கள். அந்தக் காசில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை. சங்கம் இன்றும் இருக்கிறது.

ஏன் கொடுத்தீர்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அமைச்சரே நேரில் வந்தார் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: “அவரு வர்றதுக்கு முந்தியே நமக்குப் பயம் இருந்துச்சுல்ல.” தோட்டம் விலைபோய்விடும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே இருந்தது. சங்கம் அதற்குப் பதிலாக வந்தது.

அடுத்த பெரிய படிவம் 1980களில், மாய்க்கா என்ற முதலீட்டு நிறுவனத்தின் பங்கு. சுமார் 66,000 பேர், பத்துக் கோடி வெள்ளிக்கு மேல். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. 2010இல் ஒரு தனியார் நிறுவனம் அந்தப் பங்குகளை வாங்க முன்வந்தபோது பேசிய விலை, ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு. இத்தனை வருடம் காத்திருந்ததற்கு வட்டி என்ன என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் பட்டதாரிகள். இடையில் வந்துபோன சின்னத் திட்டங்களுக்கு எண்ணிக்கை இல்லை: தங்கக் காசு, சத்து மாவு, மூன்று பேரைச் சேர்த்தால் ஆறு பேர் வருவார்கள் என்கிற வகை. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். ஆயிரத்து இருநூறு வெள்ளி போனது, ஒரு தண்ணீர் வடிகட்டி மிஞ்சியது. வடிகட்டி இன்னும் வேலை செய்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே ‘ஃப்ரீ’ என்று நீங்கள் சொன்னபோது பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: “ஃப்ரீன்னா ஐசி நம்பர் எதுக்கு?” உங்களுக்கு அது ஒரு கட்டம், அவருக்கு அது கையெழுத்து.

கூட்டத்தில் ஒரு தங்கை அழகாகச் சொன்னார்: விற்கிறவர் இல்லாவிட்டால் வாங்குகிறவர் வரமாட்டார், வாங்குகிறவர் இல்லாவிட்டால் விற்கிறவர் வரமாட்டார், கோழியா முட்டையா என்பதுதான் எங்கள் பிரச்சினை என்று. கோழியை விடுங்கள் அம்மா. நீங்கள் பேசிய மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்பு போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தென்னமரம் தோட்டத்தைச் சொல்கிறேன். 1917இல் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். செம்பனை முதலில் வியாபாரமாக வேரூன்றிய இடத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர் என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

செம்பனையின் குணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும். பிந்தினால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். பக்கத்தில் ஆலை இல்லாத ஊரில் யாரும் செம்பனை நடமாட்டார்கள். குலை வரும் என்ற உறுதி இல்லாமல் யாரும் ஆலைக்குக் காசு போடமாட்டார்கள். நட்ட கன்று காய்க்கவோ மூன்று வருடம் ஆகும். இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள்? மரத்தையும் ஆலையையும் ஒரே முதலாளி வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து ஐந்து ஏக்கர்க்காரரிடம் போய் “நீ நடு, நான் பின்னால் ஆலை கட்டுகிறேன்” என்று யாரும் கேட்கவில்லை. சிறுதோட்டக்காரர்கள் பெருவாரியாகச் செம்பனைக்கு மாறியது பல பத்தாண்டுகள் கழித்து, ரப்பர் விலை இறங்கி, அரசாங்கமும் கைகொடுத்து, ஆலைப் புகையைக் கண்ணால் பார்த்த பிறகு.

நீங்கள் கேட்டது ஐந்து ஏக்கர்க்காரரிடம்.

என் யோசனை இதுதான். முதல் ஆறு மாதம் யாரையும் ‘சேர’ச் சொல்லாதீர்கள். வாங்குங்கள். கையில் காசோடு போய் முறுக்கை விலைக்கு வாங்கி, உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் விற்றுப் பாருங்கள். நாங்கள் சந்தை நடத்துகிறவர்கள், சரக்கு வாங்குவது கடைக்காரன் வேலை என்று சொல்வீர்கள். ஆமாம், ஆறு மாதம் கடைக்காரராக இருங்கள். விற்காமல் தேங்குவது உங்கள் நஷ்டமாக இருக்கட்டும். எது விற்கும், எது விற்காது என்று அந்தப் பெண்களைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், அதற்கு இதைவிட மலிவான படிப்பு கிடையாது.

இது ஏன் அவசியம் என்று எங்கள் அடுப்பிலிருந்தே காட்டுகிறேன். என் மனைவியும் அவர் தங்கையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் சிவப்பு மூடிப் போத்தலில் இருபது போத்தல் வரும், போத்தலுக்கு ஐம்பது முறுக்கு. விடியற்காலை நாலரைக்கு மாவு பிசைந்தால் பிழிந்து, சுட்டு, எண்ணெய் வடியவைத்து, ஆறவிட்டு, அடுக்கி மூட மாலை ஐந்தாகிவிடும். சூடு தணியாமல் மூடினால் மறுநாள் நமத்துப் போகும். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், ஓமம், எள், எண்ணெய், கேஸ், போத்தல் என்று கையிலிருந்து இறங்கும் காசு நூற்றைம்பது வெள்ளிக்குக் குறையாது. மானிய விலையில் இரண்டரை வெள்ளிக்குக் கிடைக்கும் பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்குத்தான், வியாபாரம் என்று வந்தால் போத்தல் எண்ணெய்தான் கணக்கு. போத்தல் பதினைந்து வெள்ளிக்கு விற்றால் முந்நூறு. பாதி மிஞ்சுகிறதே என்று தோன்றும். இரண்டு பேருடைய பன்னிரண்டு மணி நேரத்தை அதில் கழித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

முக்கியம் அந்த நூற்றைம்பது. அது ஒன்றுதான் இருக்கிறது. அது திரும்பி வந்தால்தான் அடுத்த மாவு. பாசார் மாலத்தில் விற்றால் அன்று இரவே கைக்கு வரும். பெரிய இணையத் தளங்களில் வாங்கியவர் கையில் சரக்கு சேர்ந்து, அவர் சரி என்ற பிறகே காசு இறங்கும். வாங்குகிறவருக்கு அது நல்ல பாதுகாப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூற்றைம்பது வெள்ளி முதல் வைத்திருப்பவருக்கு அது இரண்டு வாரம் அடுப்பை அணைத்துப் போட்ட மாதிரி. ஒரு தீபாவளிக்கு எங்களிடம் ஜொகூரிலிருந்து பதினாலு போத்தல் கேட்டார்கள், ஒரு தளத்தின் வழியாக. பெயர் எதற்கு. பொட்டலம் போய்ச் சேர்ந்தபோது முறுக்கு மாவாக நொறுங்கியிருந்தது. உடைந்த படத்தை அவர்கள் அனுப்ப, காசு நின்றுவிட்டது. நாங்கள் மேல்முறையீடு எழுத, பதில் ஆங்கிலத்தில் வர, தீபாவளியும் போய்விட்டது. அந்த வருடம் இரண்டாவது சுற்று மாவே வாங்கவில்லை. மனைவி தளத்தைத் திட்டவில்லை. “நமக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்றார். நீங்கள் எதிர்த்து நிற்க வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

காசு உடனே கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. குஜராத்தில் 1946இல் கைரா மாவட்டப் பால் கூட்டுறவு தொடங்கியபோது, அதுதான் பின்னால் அமுல், இரண்டே கிராமச் சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர் பால். திரிபுவன்தாஸ் பட்டேல் கிராமம் கிராமமாக நடந்தார். அங்கே வேரூன்றிய பழக்கம் ஒன்று உண்டு: காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் காசு, மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் காசு, கொழுப்பை எதிரிலேயே அளந்து. ஒற்றை எருமை வைத்திருந்த அம்மாவுக்கு அதைவிட நல்ல விளக்கக் கூட்டம் தேவைப்பட்டிருக்காது.

அளப்பது என்று வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்களும் பால் அளந்தவர்கள்தான், ரப்பர் பால். வெயில் ஏறும் நேரத்தில் வாளியைச் சுமந்து வருவார்கள். எடை போட்டு, மெட்ரோலாக்கை முக்கி எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று பார்த்து எழுத வேண்டும். நான் புதிதில் கவனித்த ஒன்று: பெண்கள் யாரும் தராசைப் பார்க்கமாட்டார்கள், என் பென்சிலைத்தான் பார்ப்பார்கள். தராசு என்ன காட்டினாலும் ஏட்டில் ஏறுவதுதான் கூலி என்று அவர்களுக்குத் தெரியும். ஏடு என் பக்கம் திரும்பியிருக்கும், அவர்களுக்குத் தலைகீழாக. முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அதைத் திருப்பி வைக்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் செயலியில் கணக்கு யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். வாங்கப் போகும்போது அவருடைய வீட்டு நோட்டிலேயே, அவர் கண்முன்னே, தமிழில் எழுதிக் கொடுங்கள்: தேதி, இத்தனை போத்தல், இவ்வளவு வெள்ளி, கொடுத்தாயிற்று. டூயிட்நவ் இருந்தால் அதில் போடலாம், ஆனால் முதல் தடவை நோட்டாகக் கொடுங்கள். பேரனின் போனில் விழுந்த காசு அவர் கைக்கு வந்த காசு ஆகாது.

மண்டபத்தை மறந்துவிட்டு, விற்கிறவர்களின் வீட்டுக்கே போங்கள். 2012இல் மைதெக்சி, இன்றைய கிரேப், கோலாலம்பூரில் தொடங்கியபோது செயலியைக் கட்டுவதைவிட டாக்சிக்காரர்களை ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பலர் கையில் அப்போது திறன்பேசியே கிடையாது. அமெரிக்காவில் ஏர்பிஎன்பி ஆரம்பித்த பையன்கள் 2009இல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்த் தாங்களே கேமராவில் படம் எடுத்துக் கொடுத்தார்கள், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் போட்ட படங்கள் யாரையும் இழுக்கவில்லை. உங்களுக்கும் அதே வேலைதான் காத்திருக்கிறது. முறுக்கைக் குழல்விளக்கின் கீழ் எடுத்தால் சாம்பல் நிறத்தில் தெரியும். காலை ஒன்பது மணிக்கு வாசல்படியில் வைத்து எடுங்கள். முகவரியையும் கவனியுங்கள். பழைய லயங்களுக்குப் பொட்டலம் வந்தால் ஆபீசிலோ காவலாளிக் கொட்டகையிலோ விட்டுவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. சரக்கை எடுக்க வருகிற ஆள் உங்கள் வண்டியாக இருந்தால் பாதித் தலைவலி போகும்.

எல்லாரையும் சேர்க்காதீர்கள். “ஆயிரம் விற்பனையாளர்கள்” என்று திரையில் போட்டிருந்தீர்கள். எனக்குப் பத்து போதும். பால், கீரை, மீன் எல்லாம் கெடுகிற சரக்கு, இப்போது தொடவேண்டாம். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை. தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பு தொடங்கி, பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் வரை, ஒரு வேன் அரை நாளில் சுற்றி வருகிற தூரம் மட்டும். ஒவ்வொரு தாமானிலும் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு அக்கா இருப்பார். கல்யாணத்துக்கு எவ்வளவு மாவு என்று எல்லாரும் கேட்கப் போவது அவரிடம்தான். அவர் வாங்கிய காசை நாலு பேர் பார்த்தால் நீங்கள் பேச வேண்டியதில்லை. அவர் வேண்டாம் என்றால் அந்தப் புளோக்கை விட்டுவிட்டு அடுத்த புளோக்குக்குப் போங்கள், வாதாடாதீர்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். உங்கள் தளத்தில் விலை குறைந்த சரக்கு மேலே வருகிற மாதிரி வரிசை இருந்தது. எடுத்துவிடுங்கள். இந்தப் பத்துப் பேரும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் சமைக்கிறவர்கள். ஒருத்தர் ஐம்பது காசு குறைத்துப் போட்டு மற்றவருடையது கீழே இறங்கினால், சண்டை தளத்தில் வராது, அடுத்த ஆடித் திருவிழாவில் வரும். விலையை எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக வையுங்கள். கைமணம் வேறு வேறு, அதைப் பெயர் போட்டுக் காட்டுங்கள். காரம் தூக்கலா, ஓமம் அதிகமா, சைவ அடுப்பா என்று எழுதுங்கள். யாருடைய முறுக்கையும் கலந்து உங்கள் பெயரில் ஒட்டாதீர்கள்.

காகித வேலை உண்டுதான், தப்பிக்க முடியாது. எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பதிவு, சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. டைபாய்டு ஊசி, உணவு கையாளுகிறவர்களுக்கான பயிற்சி. இதையெல்லாம் கேட்டதும் பயப்படுவார்கள். இரண்டு மூன்று தடவை காசு வாங்கிய பிறகு, ஒருநாள் வேனில் ஏற்றிக்கொண்டு போய் எல்லாருக்கும் சேர்த்து முடித்துக் கொடுங்கள். மதியச் சாப்பாடு உங்கள் செலவு. தெக்குனில் இந்தியச் சிறுவியாபாரிகளுக்கான ஸ்புமி கடன் இருக்கிறதே என்று கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து சொன்னார். நல்ல திட்டம்தான். ஆனால் விற்குமா என்று தெரிவதற்கு முன்னால் கடனைப் பற்றிப் பேசாதீர்கள்.

கடைசியாக உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. சரக்கு பிடித்துப்போன வாடிக்கையாளர் அடுத்த தடவை உங்களை விட்டுவிட்டு அக்காவுக்கே வாட்சாப்பில் அடிப்பார். போத்தலுக்குள் நம்பர் எழுதிய சீட்டை அக்காவே வைத்திருப்பார், என் மனைவியும் வைப்பார். முதல் வருடம் விட்டுவிடுங்கள். நம்பரை மறைக்கிற வேலை, எச்சரிக்கை, அபராதம் எதுவும் வேண்டாம். ஐம்பது போத்தல் ஆர்டர் வந்து, பினாங்குக்கு உடையாமல் அனுப்பி, காசையும் வசூல் செய்ய வேண்டிய நாளில் அவரே உங்களைக் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் அனுப்புகிற வேலையில் நீங்கள் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம், அதையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும். இதில் நான் தப்பாகவும் இருக்கலாம். உங்களுக்குக் காசு போட்டவர்கள் ஒரு வருடம் பொறுப்பார்களா என்பதை நீங்கள்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் இருபது போத்தல் போடுகிறோம். உங்களில் யாராவது இரண்டு பேர் வாருங்கள். நாலரைக்கு வரச் சொன்னால் வரமாட்டீர்கள், ஏழு மணிக்காவது வாருங்கள், அச்சைப் பிழிய ஆள் தேவை. படிவம் கொண்டுவர வேண்டாம். எங்களிடம் தராசு இருக்கிறது, உங்களுடையதையும் எடுத்து வாருங்கள், இரண்டிலும் நிறுத்துப் பார்க்கலாம். காசு பத்து வெள்ளி நோட்டாக இருக்கட்டும். எதிர்வீட்டு அக்காவும் ஆறு போத்தல் வைத்திருக்கிறார், ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று கதவைச் சாத்திவிடுவார்.

அன்புடன்,
பழைய கிராணி ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா